பழைய மேசைக்குச் சாக் பெயிண்ட்: கழுவுவதிலிருந்து மெழுகு தேய்ப்பது வரை

எங்கள் வீட்டில் ஒரு வேங்கை மர மேசை இருக்கிறது. அப்பா கல்லூரியில் படித்தபோது தாத்தா செய்துகொடுத்தது. மேல்பலகையில் மைக்கறை, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம், கால்களில் செதில் செதிலாக உரிந்த வார்னிஷ். இரண்டு இழுப்பறைகளில் ஒன்றின் முகப்பு உடைந்துபோய், ஆசாரி அதைப் பிளைவுட்டில் மாற்றியிருந்தார். மேசை ஒரு நிறம், அந்த முகப்பு ஒரு நிறம். எத்தனை வார்னிஷ் அடித்தாலும் அந்த ஒட்டு தெரியத்தான் செய்யும். அதனால் பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்தேன், அதுவும் சாக் பெயிண்ட். அந்த மேசையில் செய்த தவறுகளையும், அப்புறம் நாலைந்து சாமான்களில் திருத்திக்கொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், நேரே அடிக்கலாம்" என்றுதான் சாக் பெயிண்டைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மிச்சமாவது தேய்க்கிற வேலை மட்டும். துடைக்கிற வேலையில் கொஞ்சமும் மிச்சம் கிடையாது. தேய்ப்பதில் மிச்சம் பிடித்த நேரம் முழுவதையும் துடைப்பதற்கும் காயவிடுவதற்கும் கொடுத்தால்தான் பெயிண்ட் நிற்கும்.

இது என்ன பெயிண்ட்?

1990-ல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற அலங்காரக் கலைஞர் உருவாக்கியது. சாக் பெயிண்ட் என்பது அவருடைய நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கும் பெயர். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் இதே வகையில் செய்து விற்கின்றன. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் நாம் சாக் பெயிண்ட் என்றே சொல்கிறோம். தண்ணீரில் கரைவது, வாடை அதிகம் இல்லாதது. காய்ந்த பிறகு கொஞ்சமும் பளபளப்பு இருக்காது. சாக்பீஸைத் தடவினால் விரலுக்கு எப்படி இருக்குமோ அப்படி ஒரு மென்மையான சொரசொரப்பு இருக்கும். மெழுகை உறிஞ்சிக்கொள்வது அந்தச் சொரசொரப்பால்தான்.

கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட் வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவை வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

எதற்கு அடிக்கலாம், எதற்கு அடிக்கக் கூடாது

மா, ரப்பர் மரம், பைன், பிளைவுட், ஏற்கெனவே எனாமல் அடித்த பழைய சாமான், நிறம் ஒட்டாமல் துண்டு துண்டாகச் செப்பனிட்டவை, இவையெல்லாம் சரி. சன்மைக்கா ஒட்டிய அலமாரிக்கும் அடிக்கலாம். அதற்கு மட்டும் 220 நம்பர் உப்புத்தாளில் லேசாக ஒரு தேய் தேய்த்து வழவழப்பை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிக்கு வேண்டாம். வளைகிற பொருளில் பெயிண்ட் விரிசல் விட்டு உதிரும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பழைய பர்மா தேக்கு, ஈட்டி மரச் சாமான்களுக்குத் தயவுசெய்து இதை அடிக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அருமையான தேக்குப் பெட்டியை வாங்கிவந்து, ரேகை மொத்தமும் மறையும்படி வெள்ளை அடித்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெழுகோடு சேர்ந்து மரத்தின் துளைகளில் இறங்கிய பெயிண்டைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அந்த மரத்துக்கு நல்ல பாலிஷ் போதும். சந்தேகமாக இருந்தால் ஓர் ஆசாரியிடம் காட்டி, என்ன மரம் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட சாமானை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் கூடவே கூடாது. உரிந்திருக்கும் இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு ஈரத்தோடு தேய்த்து, துடைத்த துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். சுரண்டாமலே மேலே அடிக்க முடிகிற சாக் பெயிண்ட் இந்த இடத்தில் பெரிய உதவி.

என்னென்ன வேண்டும்

2 இன்ச் பிரஷ் ஒன்று. மயிர் உதிராத நல்ல பிரஷ்ஷாக வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். மெழுகுக்குத் தனியாக ஒரு பிரஷ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பனியன் துணியே போதும். பெயிண்டர்கள் வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் ஹார்டுவேர் கடையில் எடைக்குக் கிடைக்கும். 220, 320 நம்பர் உப்புத்தாள் இரண்டு இரண்டு. மரப் பட்டி ஒரு சின்ன டப்பா, பெவிகால், பாத்திரம் துலக்கும் லிக்விட், டர்பன்டைன், நிறமில்லாத பர்னிச்சர் மெழுகு. அவலரக்கும் (அவல் போல மெல்லிய செதிலாக வரும் அரக்கு) ஸ்பிரிட்டும் வேண்டும், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பெயிண்ட் அளவு: 1 லிட்டர், ஒரு கோட்டுக்குத் தோராயமாக 13 சதுர மீட்டர், அதாவது 140 சதுர அடி வரும். 4 அடிக்கு 2 அடி மேல்பலகை உள்ள மேசைக்குக் கால், பக்கம், இழுப்பறை எல்லாம் சேர்த்து 25 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு 50 சதுர அடி. அரை லிட்டர் தாராளம்.

வீட்டிலேயே கலப்பது

ரெடிமேட் சாக் பெயிண்ட் விலை கூடுதல். சுவருக்கு அடிக்கும் பளபளப்பில்லாத எமல்ஷன் மீதியிருந்தால் வீட்டில் கலந்துகொள்ளலாம். 3 பங்கு எமல்ஷன், 1 பங்கு பொடி, 1 பங்கு தண்ணீர். பொடி என்பது பட்டி கலக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் சாக் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட். முதலில் பொடியைத் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவு பதத்துக்குக் கரையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, அப்புறம் எமல்ஷனில் ஊற்றிக் கலக்குங்கள். நேரே எமல்ஷனில் பொடியைக் கொட்டினால் கட்டி கட்டியாகி, ஒவ்வொரு இழுப்பிலும் மேசையில் மணல் மணலாகத் தெரியும்.

சாக் பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுகிறவர்கள் உண்டு. அது தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கும் பொருள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, உடனே அடித்து முடிக்க வேண்டும். எனக்குச் சாக் பவுடர்தான் பிடித்திருக்கிறது. அது இறுகாது, மூடி வைத்து மறுநாளும் அடிக்கலாம். கோலமாவைப் போடாதீர்கள். அது கல்மாவு, பரபரவென்று இருக்கும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் வேண்டாம். அதற்குக் காரம் அதிகம், கையையும் பதம் பார்க்கும், நிறத்தையும் கெடுக்கும்.

பொடி சேர்ந்ததும் நிறம் ஒரு படி வெளுக்கும். அதனால் வேண்டிய நிறத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமான எமல்ஷனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கழற்றுவது, கழுவுவது

கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்த இழுப்பறைக்கு உரியது என்று எழுதி ஒட்டுங்கள். இழுப்பறைகளின் அடியிலும் 1, 2 என்று பென்சிலால் எண் போடுங்கள். பழைய மேசைகளில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. பித்தளைக் கைப்பிடியாக இருந்தால் புளியில் ஊறப்போட்டுவிடலாம்.

இனி கழுவுவது. நம் வீட்டு மரச் சாமான்களில் என்னவெல்லாம் படிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தலையில் தேய்த்த எண்ணெய், சமையலறைப் பிசுக்கு, சாம்பிராணிப் புகை, "மரம் மின்னட்டும்" என்று யாரோ துடைத்துவிட்ட தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வருஷா வருஷம் அதே இடத்தில் ஊறியிருக்கும். இவற்றின் மேல் அடித்த பெயிண்ட் நகம் பட்டாலே தோலாக உரிந்து வரும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர லிக்விட் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். மேசையை நனைக்கக் கூடாது, பிளைவுட் ஊதிவிடும். இழுப்பறை ஓரம், கைப்பிடி இருந்த இடம், மேல்பலகையின் முன் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் பிசுக்கு அதிகம். அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க வேண்டும். துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றித் துடையுங்கள். எங்கள் மேசைக்கு ஆறு முறை மாற்றினேன். கடைசியாக வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறை. காய்ந்ததும் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு முறை. பழைய மெழுகும் எண்ணெயும் இதில்தான் வரும்.

போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. விரலில் தண்ணீர் தொட்டு மரத்தில் தெளியுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். பரவி நின்றால் சரி.

பூச்சித் துளை இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். துளைக்குக் கீழே மாவு போலப் புதுத்தூள் கொட்டியிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைக்குள் விட்டு, சில நாள் கழித்துத் தூள் வருவது நின்ற பிறகுதான் அடுத்த வேலை. பள்ளங்களுக்கும் ஆணித் துளைகளுக்கும் பட்டி வைத்து, காய்ந்ததும் 220-ல் சமப்படுத்துங்கள். மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து அடைத்தாலும் நிற்கும். உரிந்து நிற்கும் வார்னிஷ் செதில்களை மட்டும் உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் வார்னிஷைத் தொட வேண்டாம்.

கறை ஏறுகிற மரம்

நான் சறுக்கிய இடம் இதுதான். துடைத்து, காயவைத்து, அன்று காலையே வெள்ளையில் முதல் கோட் அடித்தேன். அழகாக இருந்தது. மதியம் பார்க்கும்போது மேல்பலகையில் டீ சிந்தியது போல மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள். பெயிண்ட் போதவில்லை என்று நினைத்து இரண்டாவது கோட் அடித்தேன். சாயங்காலத்துக்குள் அதே திட்டுகள் மறுபடியும் மேலே வந்துவிட்டன. ஆனால் பிளைவுட்டில் மாற்றிய அந்த இழுப்பறை முகப்பு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, குறை பெயிண்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது என்று.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வேங்கை மரக் குவளை விற்பார்களே, அதில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறியிருக்கும். அதே சங்கதிதான் இங்கேயும். சாக் பெயிண்டில் இருக்கும் தண்ணீர் மரத்தின் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் புதுத் தண்ணீர். வேங்கை மட்டுமல்ல, தேக்கும் ஈட்டியும் இப்படி விடும். பைன் மரத்தில் கணு இருக்கும் இடங்களிலும் வரும். பழைய சாயப் பாலிஷ், மைக்கறை, குங்குமக் கறை எல்லாவற்றிலும் இதே தொல்லைதான்.

மருந்து அரக்கு. 200 மில்லி ஸ்பிரிட்டில் 50 கிராம் அவலரக்கைப் போட்டு, மூடி ஒரு ராத்திரி வைத்தால் கரைந்துவிடும். துணியில் வடிகட்டி, மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு கோட், நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் மேலே வரும் பெயிண்டின் தண்ணீர் மரத்தைத் தொடாது, சாயமும் கிளம்பாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூஜை விளக்கு எரிகிற அறையில் இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் மரம் கறை விடுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். கண்ணில் படாத இடத்தில், கால் உட்பக்கமோ மேல்பலகையின் அடியோ, உள்ளங்கை அளவுக்கு வெள்ளைப் பெயிண்டைத் தடவி ஒரு நாள் விடுங்கள். அழுத்தமான நீலம், கரும்பச்சை அடிப்பதாக இருந்தால் கறை அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை, சந்தன நிறம், இளநீலம் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பெயிண்ட் அடிப்பது

தை, மாசி மாதங்கள் இதற்கு மிக நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவே காயாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்து அடித்தால் பிரஷ் இழுக்கும்போதே பெயிண்ட் காய்ந்து கோடு கோடாக நிற்கும். கோடையில் அடிக்க வேண்டியிருந்தால் விடிகாலையில், நிழலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அடியுங்கள்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரை வரும். அடிவரை குச்சி விட்டு நிதானமாகக் கலக்குங்கள். பொடி அடியில்தான் தங்கியிருக்கும். வேண்டியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

முதலில் மேசையைக் கவிழ்த்துப் போட்டு கால்கள், அப்புறம் நிமிர்த்திப் பக்கங்கள், கடைசியில் மேல்பலகை. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயிண்டில் தோய்த்து எடுங்கள். ஓர் இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான், நகர்ந்துவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் போட்டால் பெயிண்ட் சுருட்டிக்கொண்டு வரும். முதல் கோட் திட்டுத் திட்டாக, மரம் தெரிகிற மாதிரிதான் இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. இரண்டாவது கோட்டுக்குப் பெயிண்டில் ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டை மர ரேகை ஓடும் திசையில் நீளமாக இழுங்கள். பிரஷ் தடம் பிடிக்காதவர்கள் இரண்டு கோட்டுக்கும் நடுவே 320-ல் பூப்போலத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடிக்கலாம்.

இழுப்பறை வழுக்கிப்போகும் தடத்துக்கும் அதன் பக்கவாட்டுக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். இரண்டு கோட் கனம் சேர்ந்தாலே இழுப்பறை இறுகிவிடும். அங்கே ஒரு மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் சுலபமாக ஓடும்.

மெழுகு

சாக் பெயிண்டை அப்படியே விட்டால் கை பட்ட இடமெல்லாம் கறையாகும். அதற்குத்தான் மெழுகு. தேன்மெழுகோ, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகோ கலந்து வரும் பர்னிச்சர் மெழுகு வாங்குங்கள். ஷூ பாலிஷ் வேண்டாம், அதன் சாயம் உடையில் ஒட்டும்.

பெயிண்ட் அடித்த மறுநாள் தொடங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு மெழுகு போதும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல, மேலே அப்பாமல் உள்ளே இறங்கும்படி தேய்க்க வேண்டும். தேய்க்கும்போதே பெயிண்டின் நிறம் ஒரு மாற்று அழுத்தமாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். மாறாத இடம் விட்டுப்போன இடம். உடனே வேறு சுத்தமான துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். விரலை வைத்து இழுத்தால் வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று பிடித்தால் மெழுகு அதிகம், இன்னும் துடையுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பனியன் துணியால் தேய்த்தால் மெல்லிய ஒரு மினுமினுப்பு வரும். மேல்பலகைக்கு இதே போல இன்னும் இரண்டு முறை.

ஓரங்கள் தேய்ந்து பழமையாகத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள், முதல் மெழுகு போட்ட பிறகு 320 உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அப்போது தூசி பறக்காது. எங்கே தேய்ப்பது என்றால், கை இயல்பாகப் படுகிற இடத்தில். இழுப்பறையின் மேல் விளிம்பு, மேசையின் முன் மூலைகள், கால் வைக்கும் குறுக்குச் சட்டம். பலகை நடுவில் தேய்த்தால் பழமையாகத் தெரியாது, கீறல் விழுந்தது போலத்தான் இருக்கும். கரும்பழுப்பு மெழுகு போடுவதாக இருந்தால் அதற்கு அடியில் நிறமில்லாத மெழுகு கட்டாயம். நேரே பெயிண்டில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு திட்டாகிவிடும், அழியாது.

மெழுகு எங்கே போதாது?

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். சூடான காபி டம்ளரை நேரே வைத்தால் வட்டம் விழாமல் என்ன செய்யும்? சாப்பாட்டு மேசை, டீப்பாய், சமையலறை அலமாரி இவற்றுக்கு மெழுகு வேண்டாம், தண்ணீர் வகை பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். எண்ணெய் வகை பாலியூரித்தேன் வெள்ளையின் மேல் போகப்போக மஞ்சளாகும். இரண்டில் எது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மெழுகு போட்ட பிறகு அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது.

நான் மேசை முழுவதற்கும் மெழுகு போட்டு, கால்களின் அடியில் 4 இன்ச்சுக்கு மட்டும் மெழுகுக்குப் பதில் வார்னிஷ் அடித்திருக்கிறேன். தினமும் தரை துடைக்கிற ஈரத்துணி படுவது அந்த இடத்தில்தான்.

முதல் மூன்று வாரம்

தொட்டால் காய்ந்துவிட்டது போல இருந்தாலும் பெயிண்டும் மெழுகும் முழுசாக இறுக மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை மேசையைப் பயன்படுத்தலாம், ஆனால் கனமான சாமானை வைத்து இழுக்காதீர்கள், ஈரத்துணி போடாதீர்கள். அப்புறம் தூசிக்கு உலர்ந்த துணி, அழுக்குக்கு நன்றாகப் பிழிந்த துணி. ஸ்பிரிட் கலந்த கிளீனர் படக்கூடாது. தண்ணீர் சிந்தினால் முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கத் தொடங்குகிறதா, மறுபடி ஒரு கை மெழுகு தேய்க்கும் நேரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மேல்பலகைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை தேய்க்கிறேன். கால்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை.